காலணாத் தாள்களின் காலம்

சமூகம் நிலைகுலைந்து உருமாறும் காலங்களில் அச்சு ஊடகம் என்ன செய்கிறது என்பதை அறிய, சுதேசி இயக்கம் எழுந்த 1905ஆம் ஆண்டுக்கும் இரண்டாம் உலகப் போரின் நெருக்கடி சென்னைக் கடற்கரையை எட்டிய 1942ஆம் ஆண்டுக்கும் இடைப்பட்ட தமிழ் இதழ்களின் வரலாறு தகுந்த களமாகும். அக்கால இதழ்கள் மக்களின் கருத்தை மாற்றின என்று பொதுவாகச் சொல்லப்படுவதில் உண்மை உண்டு. ஆனால் அது பாதி உண்மையே. ஒவ்வொரு கொந்தளிப்பும், அதற்கு முன்பு எந்த இதழும் தன் வாசகராக எண்ணிப் பார்த்திராத ஒரு மக்கள் பகுதியை அச்சுலகுக்குள் கொண்டுவந்தது என்பதும், அவர்களுக்காக இதழின் விலையும் நடையும், ஒரு கட்டத்தில் எழுத்தின் வடிவமும்கூட மாற வேண்டியிருந்தது என்பதும் மீதிப் பாதி. பண்பாட்டு வரலாற்றுக்கு இந்த மீதிப் பாதியே முக்கியமானது.

தொடக்கத்தில் செய்தித்தாள் ஒரு சிறு வட்டத்தின் உடைமையாகவே இருந்தது. 1878இல் டி. முத்துசாமி ஐயர் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக அமர்த்தப்பட்டதை ஆங்கிலேயர் நடத்திய இதழ்கள் பழித்தபோது, அதற்கு மறுமொழி கூறுவதற்காக ஜி. சுப்பிரமணிய ஐயரும் நண்பர்கள் ஐவரும் அவ்வாண்டு செப்டம்பர் 20ஆம் நாள் ஆங்கிலத்தில் ‘தி இந்து’ வார இதழைத் தொடங்கினர். முதல் இதழில் அச்சானவை எண்பது படிகள். ஆங்கிலம் அறிந்தவர்களிடம் மட்டும் பேசி அரசியல் நடத்த இயலாது என்று உணர்ந்த சுப்பிரமணிய ஐயர், 1882இல் தமிழில் ‘சுதேசமித்திரன்’ வார இதழைத் தொடங்கினார். 1899இல் அது நாளிதழாயிற்று. இதற்கிடையில், இந்திய மொழி இதழ்களை மட்டும் கட்டுப்படுத்தி ஆங்கில இதழ்களை விட்டுவிட்ட ஒரு சட்டத்தை லிட்டன் பிரபு 1878இலேயே பிறப்பித்திருந்தார். ரிப்பன் பிரபு காலத்தில் அது நீக்கப்பட்டதெனினும், தாய்மொழியில் அச்சாகும் ஒரு தாள் எவ்வளவு தூரம் செல்லக்கூடும் என்பதை, அதை அச்சிட்டவர்களுக்கு முன்பே ஆட்சியாளர்கள் கணித்திருந்தனர் என்பதற்கு அச்சட்டம் சான்றாகிறது.

அந்தத் தூரம் அச்சான படிகளின் எண்ணிக்கையில் அடங்குவதன்று. 1931ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போதுகூடச் சென்னை மாகாணத்தில் எழுத்தறிந்தவர் நூற்றுக்கு ஏறத்தாழப் பத்துப் பேரே. பெண்களிடையே அந்த அளவு மிகக் குறைவு. ஆயினும் ஒரு படி ஓர் ஊருக்கு வந்து சேர்ந்தால், எழுத்துக் கூட்டத் தெரிந்த ஒருவர் திண்ணையிலோ முடிதிருத்தும் கடையிலோ, பிற்காலத்தில் தேநீர்க் கடையிலோ அமர்ந்து உரக்க வாசிக்க, சுற்றிலும் இருந்தவர்கள் கேட்டார்கள், இடைமறித்து விளக்கம் கேட்டார்கள், வாதிட்டார்கள். இராமாயணமும் பாரதமும் நல்லதங்காள் கதையும் வாய்விட்டு வாசிக்கப்பட்டுக் கேட்கப்பட்ட நாட்டில், செய்தித்தாள் அந்தப் பழைய கேட்கும் மரபுக்குள்ளேயே நுழைந்தது. ஒரு வேறுபாடு மட்டும் இருந்தது: கதையின் முடிவு கேட்பவருக்கு முன்பே தெரியும், செய்தியின் முடிவு நாளைய தாளில்தான் தெரியும். 1904–05இல் நிகழ்ந்த ருஷ்ய-ஜப்பானியப் போரில் ஆசிய நாடொன்று ஐரோப்பியப் பேரரசை வென்றுவந்த செய்தி, நாள்தோறும் தந்தி வழியே வந்து தமிழில் பெயர்க்கப்பட்டு இவ்வாறு கேட்கப்பட்டது. 1904 நவம்பரில் சுதேசமித்திரனில் துணை ஆசிரியராகச் சேர்ந்த சுப்பிரமணிய பாரதிக்குக் கிடைத்த வேலையும் பெரும்பாலும் இத்தகைய மொழிபெயர்ப்பே.

வங்கப் பிரிவினைக்குப் பின் இந்த அமைதியான மொழிபெயர்ப்பு நடை போதாதாயிற்று. 1906 மே மாதம் சென்னையில் தொடங்கப்பட்டுப் பாரதியின் பொறுப்பில் வந்த ‘இந்தியா’ வார இதழ் சிவப்புத் தாளில் அச்சாகியது. அரசியல் கருத்துப்படம் என்ற புதிய வகையைத் தமிழ் இதழுக்குள் கொண்டுவந்தது. எழுத்தறியாதவரும் படத்தைப் பார்க்க முடியும். படத்தின் பொருளைச் சொல்லும் தமிழ் விளக்கத்தை அருகிலிருப்பவர் வாசித்துக் காட்ட முடியும். இதே ஆண்டுகளில்தான் அரசியல் பேச்சும் தமிழுக்கு மாறியது. தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் ஆலைத் தொழிலாளரிடம் அவர்கள் மொழியிலேயே பேசினர். 1908 மார்ச்சில் அவர்கள் கைதானபோது திருநெல்வேலியில் கலகம் மூண்டது, காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பறிபோயின. மேடைப் பேச்சு இதழில் அச்சேறியதும், இதழில் அச்சேறியது மறுநாள் மேடையில் ஒலித்ததும் இந்தக் கொந்தளிப்பின் இயங்குமுறையாக இருந்தன.

அரசின் நடவடிக்கை விரைவாகவும் கடுமையாகவும் வந்தது. 1908இல் சுதேசமித்திரனில் வெளிவந்த கட்டுரைகளுக்காக, நோயுற்றிருந்த சுப்பிரமணிய ஐயர் கைதானார். ‘இந்தியா’ இதழுக்குச் சட்டப்படி பொறுப்பாளராகப் பதிவாகியிருந்த எம். சீனிவாசன், பாரதி எழுதியவற்றுக்காகச் சிறைசென்றார். பாரதி பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குச் சென்று, அதே ஆண்டு அக்டோபரில் அங்கிருந்து இதழைத் தொடர்ந்தார். பிரிட்டிஷ் எல்லைக்குள் அது நுழைவது தடுக்கப்பட்டதால் 1910 மார்ச்சில் நின்றுபோயிற்று. இதழியல் வரலாற்றில் சீனிவாசனின் பெயர் ஒரு வரிக்கு மேல் பேசப்படாதது வருந்தத்தக்கது. அக்காலத்தில் ஒரு கருத்து அச்சேறுவதற்கு எழுதுகிறவரின் துணிவு மட்டும் போதவில்லை, தண்டனையைத் தன் பெயரில் ஏற்கும் இன்னொருவரின் துணிவும் தேவைப்பட்டது.

1910ஆம் ஆண்டுப் பத்திரிகைச் சட்டம் சிறையைவிட நுட்பமான கருவியொன்றைக் கையாண்டது. அதன் பெயர் ஜாமீன்; அதாவது, புதிதாக அச்சகம் நடத்த விரும்புகிறவர் 500 ரூபாய் முதல் 2,000 ரூபாய் வரை அரசிடம் முன்பணமாகக் கட்டவேண்டும் என்றும், ஆட்சேபத்துக்குரியதாக அரசு கருதும் எதையேனும் அச்சிட்டால் அந்தப் பணம் பறிமுதலாகும் என்றும் அது விதித்தது. ஆசிரியரைக் காட்டிலும் அச்சக உரிமையாளரை அச்சுறுத்துவதே இதன் உள்நோக்கம். சிறைசென்ற ஆசிரியர் மக்களிடம் பெருமை பெற்றார். ஜாமீன் இழந்த அச்சக உரிமையாளர் கடனாளியானார். 1922இல் இச்சட்டம் நீக்கப்பட்டாலும், 1930இலும் 1931இலும் ஜாமீன் முறை அவசரச் சட்டங்களின் வழியே திரும்பிவந்தது.

சுதேசி இயக்கத்தின் இதழ்களை மட்டும் வைத்து அக்காலத்தைப் புரிந்துகொள்ள முயல்வது பிழையாகும். 1893இலேயே இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ என்னும் இதழைத் தொடங்கி, இழிசொல்லாக வீசப்பட்ட பெயரையே முகப்பில் அச்சிட்டு உரிமை கேட்டிருந்தார். 1907 ஜூன் 19ஆம் நாள் சென்னை இராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதர் ‘ஒரு பைசாத் தமிழன்’ வார இதழை வெளியிட்டார். ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா, ஓர் அணாவுக்கு நான்கு பைசா என்ற அக்கால நாணய முறையில் ஒரு பைசா என்பது காலணா. விலையையே பெயராகச் சூட்டிக்கொண்டதன் மூலம் தன் வாசகர் யார் என்பதை இதழ் முதல் நாளிலேயே அறிவித்துவிட்டது. ஓராண்டுக்குப் பின் பெயர் ‘தமிழன்’ என்று சுருங்கியது. பௌத்தத்தின் வழியே தமிழர் வரலாற்றை மறுவாசிப்புச் செய்த அவ்விதழ், கோலார் தங்கவயலின் சுரங்கத் தொழிலாளர் வரை சென்றது. தீண்டாமையை விட்டுவைத்துக்கொண்டு பேசப்படும் சுயராச்சியம் யாருக்கு உரியது என்று, சுதேசியத்தின் உச்சகாலத்திலேயே அது இடைவிடாமல் கேட்டது. ‘இந்தியா’வும் ‘தமிழ’னும் ஒரே நகரில், ஒரே ஆண்டுகளில் வெளிவந்தும் இரு வேறு வாசகர் உலகங்களைக் கட்டின என்பது, ஊடகம் சமூகத்தை ஒன்றிணைக்கிறது என்ற எளிய முடிவை ஐயத்துக்குள்ளாக்குகிறது.

முதல் உலகப் போரின் இறுதியில் களம் மேலும் விரிந்தது. 1916 இறுதியில் பிராமணரல்லாதார் அறிக்கை வெளியானபின், 1917இல் நீதிக்கட்சியின் சார்பில் தமிழில் ‘திராவிடன்’ நாளிதழ் தோன்றியது; அவ்வாண்டு டிசம்பரில் திரு. வி. கலியாணசுந்தரனாரை ஆசிரியராகக் கொண்டு ‘தேசபக்தன்’ வந்தது. அரசியல் எழுத்தை வடசொற்களின் சுமையிலிருந்து விடுவித்து, ஒலிநயம் மிக்க தமிழில் நடத்த முடியும் என்று திரு. வி. க. காட்டினார். 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானபோது அதில் முன்னின்றவர்களுள் அவரும் ஒருவர். ஆலைவாயிலில் பேசிய தமிழும் தலையங்கத்தில் எழுதிய தமிழும் அவரிடம் ஒன்றாகவே இருந்தன.

1925 மே 2ஆம் நாள் ஈரோட்டில் ஈ. வெ. இராமசாமி தொடங்கிய ‘குடி அரசு’ வார இதழ், இவ்வரலாற்றில் விரிவாக நோக்கத்தக்கது. திருப்பாதிரிப்புலியூர் ஞானியார் அடிகள் என்னும் சைவ மடத்துத் தலைவர் அதனைத் தொடங்கிவைத்தார் என்பது, பின்னாளில் அவ்விதழ் சென்ற திசையை அறிந்தவர்களுக்கு வியப்பளிக்கலாம். கொந்தளிப்பின் தொடக்கத்தில் முகாம்கள் இன்னும் இறுகியிருக்கவில்லை என்பதையே அது காட்டுகிறது. குடி அரசு கருத்தைச் சொன்னதோடு நிற்காமல் வழக்கங்களை மாற்றியது. 1927 இறுதியில் ஆசிரியரின் பெயருக்குப் பின்னிருந்த ‘நாயக்கர்’ என்ற சாதிப் பட்டம் இதழிலிருந்து நீங்கியது. 1929இல் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, சாதிப் பட்டங்களைக் கைவிடுமாறு கேட்டுத் தீர்மானம் இயற்றியது. புரோகிதர் இன்றி நடந்த திருமணங்கள் இதழில் செய்தியாக வெளிவந்தன. ஒரு சிற்றூரில் அவ்வாறு மணம் செய்துகொண்ட இணையர் தங்கள் ஊரில் தனித்துவிடப்பட்டிருக்கக்கூடும். ஆனால் அச்சில் தங்களைப் போன்றோரின் மணங்களை வாரந்தோறும் கண்டபோது, தாங்கள் தனியர் அல்லர் என்ற துணிவு அவர்களுக்குக் கிடைத்தது. தேவதாசி முறையை எதிர்த்துப் போராடிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் போன்ற பெண்கள் எழுதுவதற்கும் அவ்விதழ் இடம் தந்தது.

1933 அக்டோபரில் வெளிவந்த ஒரு தலையங்கத்துக்காக ஆசிரியர் இராமசாமியும், வெளியீட்டாளராக இருந்த அவருடைய தங்கை கண்ணம்மாளும் அரச நிந்தனை வழக்கில் சிறைசென்றனர். குடி அரசு நின்ற இடத்தில் ‘புரட்சி’ வந்தது. அது நின்றபோது ‘பகுத்தறிவு’ வந்தது. 1935 ஜனவரியில் குடி அரசு மீண்டும் வந்தது. பெயர் மாறியது, வாசகர் மாறவில்லை.

மீண்டு வந்த அந்த இதழில்தான் எழுத்தின் வடிவமே மாறியிருந்தது. தமிழ் அச்சில் ணா, றா, னா ஆகிய எழுத்துகளும் அவற்றின் ஒகர, ஓகார வரிசைகளும் காலுடன் பிணைந்த தனி உருவங்களாக இருந்தன. ணை, லை, ளை, னை ஆகியன முன்புறம் யானைத் துதிக்கை போல் மேலெழுந்த சுழியுடன் எழுதப்பட்டன. கம்பாசிட்டர் என்று அச்சகத்தில் அழைக்கப்பட்ட அச்சுக்கோப்பாளர், ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வரிசையாக அடுக்கிப் பக்கத்தை உருவாக்கினார். இத்தகைய பிணைப்பெழுத்து ஒவ்வொன்றுக்கும் தனி அச்சு வார்க்கவும், எழுத்துப் பெட்டியில் தனி அறை ஒதுக்கவும் வேண்டியிருந்தது. இந்தப் பதின்மூன்று எழுத்துகளையும் பிற உயிர்மெய்களின் முறைக்கே கொண்டுவந்து, ஏற்கெனவே இருந்த காலையும் கொம்பையும் ஐகாரக் குறியையும் இட்டு அச்சிட்டது குடி அரசு. அச்சுக்கோப்பது எளிதாகும், எழுதக் கற்போர் நினைவில் கொள்ளவேண்டிய உருவங்கள் குறையும் என்பவை அதன் நியாயங்கள். இயக்கத்தின் இதழ்கள் பல பத்தாண்டுகள் விடாமல் இவ்வடிவத்தையே பின்பற்றின. 1978இல் தமிழ்நாடு அரசு அதனை ஏற்று ஆணை பிறப்பித்தது. இன்று பாடநூலிலும் கைப்பேசித் திரையிலும் தமிழர் காணும் ‘லை’யும் ‘னா’வும், ஒரு கலகக்கால இதழின் அச்சகத்திலிருந்து பொதுவழக்குக்கு வந்தவை. ஊடகம் பண்பாட்டை உருவாக்குவதற்கு இதைவிடக் கண்கூடான சான்று தமிழில் இல்லை.

தேசிய இயக்கத்தின் பக்கத்தில், காலணாத் தாள் தன் உச்சத்தை 1930இல் அடைந்தது. அவ்வாண்டு ஏப்ரல் 13இல் இராஜாஜி தலைமையில் திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்புச் சத்தியாகிரகிகள் நடந்து சென்றபோது, அவர்களுக்கு உணவோ இடமோ தருவோர் தண்டிக்கப்படுவர் என்று தஞ்சை மாவட்ட ஆட்சியர் தார்ன், துண்டறிக்கைகள் வழியாகவும் இதழ்கள் வழியாகவும் பறையறைந்தும் அறிவித்தார். அந்த அறிவிப்பு, யாத்திரை வருவதை அறியாதிருந்த சிற்றூர்களுக்கும் அதை அறிவித்துவிட்டது. சோறு ஆக்கி மறைவில் வைத்துக் காத்திருந்த ஊர்கள் பல. இச்சூழலில் காலணா விலைக்கு விற்ற ‘சுதந்திரச் சங்கு’ பரவலாக வாங்கப்பட்டது. அதை நடத்தியவர்கள் ‘சங்கு’ கணேசன், ‘சங்கு’ சுப்பிரமணியன் என்று வாழ்நாள் முழுவதும் இதழின் பெயராலேயே அறியப்பட்டனர். டி. எஸ். சொக்கலிங்கம் ‘காந்தி’ இதழைக் காலணா விலையில் நடத்தினார். 1934 செப்டம்பர் 11ஆம் நாள், பாரதியின் நினைவுநாளில் தொடங்கிய ‘தினமணி’யின் ஆசிரியராகவும் அவரே அமர்ந்தார். மலிவுத் தாளில் பழகிய விறுவிறுப்பான நடை அவருடன் நாளிதழுக்குள் வந்தது.

இரண்டாம் உலகப் போர், செய்தி தடைப்படும்போது சமூகம் எவ்வாறு நடந்துகொள்கிறது என்பதைக் காட்டியது. வானொலி அப்போது புதியது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூன் 16இல்தான் தொடங்கியிருந்தது. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூரும் மார்ச்சில் இரங்கூனும் ஜப்பானியரிடம் வீழ்ந்தன. அவ்விரு நகரங்களிலும் தமிழர் பெருந்தொகையினராக வாழ்ந்தமையால், அவை தமிழ்க் குடும்பங்களுக்கு அயல்நாட்டுச் செய்திகளாக இருக்கவில்லை. மணிப்பூர், அசாம் காடுகளின் வழியே நடந்து உயிர்தப்பி ஊர் திரும்பிய பர்மா அகதிகள் தங்கள் கண்ணால் கண்டதைச் சொன்னார்கள். தணிக்கைக்குட்பட்ட இதழ்களோ நிலைமை கட்டுக்குள் இருப்பதாக எழுதின. அகதியின் சொல்லுக்கும் அச்சின் சொல்லுக்கும் இடையே பிளவு தோன்றியபோது மக்கள் அகதியையே நம்பினர். ஏப்ரல் 6ஆம் நாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டுகள் விழுந்தன. அடுத்த சில நாட்களில், ஜப்பானியக் கடற்படை சென்னையை நெருங்குகிறது என்ற தவறான தகவலின் பேரில் அரசே அலுவலகங்களை இடம்பெயர்க்க, நகரம் ஏறத்தாழக் காலியாயிற்று. மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் வீடுகள் பூட்டப்பட்டன. எழும்பூர், சென்ட்ரல் நிலையங்களில் கூட்டம் நெரிந்தது. படையெடுப்பு வரவில்லை. வதந்தி என்பது அறியாமையால் பிறப்பது என்று அதிகாரிகள் கருதினர். உண்மையில் அது, நம்பிக்கையிழந்த செய்தியின் இடத்தை நிரப்பியது. அவ்வாண்டு ஆகஸ்டில் காங்கிரஸ் தலைவர்கள் கைதானபோது தேசிய இதழ்கள் சில கட்டுப்பாடுகளை எதிர்த்து வெளியீட்டையே நிறுத்தின; அப்போதும் துண்டறிக்கையும் வாய்ச்சொல்லுமே ஊர்தோறும் செய்தியைக் கொண்டுசென்றன.

அந்த 1942ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மதுரையில் சி. பா. ஆதித்தனார் தொடங்கிய ‘தந்தி’ நாளிதழ், பின்னர் ‘தினத்தந்தி’ ஆனது. இலண்டனில் சட்டம் பயின்ற அவர், அங்கு கண்ட மக்கள் நாளிதழ்களின் பெரிய தலைப்பு, படம், குறுகிய வாக்கியம் ஆகிய முறைகளைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். கொச்சை நீக்கிய பேச்சுத்தமிழே செய்தியின் மொழி என்பது அவர் தம் செய்தியாளருக்கு வகுத்த விதி. கொலை வழக்கும் நீதிமன்ற விசாரணையும் அதில் மிகுதியாக இடம்பெற்றதைக் கற்றோர் இகழ்ந்தனர். அந்த இகழ்ச்சியில் ஓரளவு நியாயமும் உண்டு. எனினும், எழுத்துக் கூட்டி வாசிக்கக் கற்றுக்கொண்ட தொழிலாளியும் வண்டியோட்டியும் பிறர் வாசிக்கக் கேட்கும் நிலையிலிருந்து தாமே வாசிக்கும் நிலைக்கு வந்ததில் அந்த நடைக்குள்ள பங்கு மறுக்க முடியாதது. 1950களில் தேநீர்க் கடைகளிலும் திராவிட இயக்கத்தினர் ஊர்தோறும் அமைத்த படிப்பகங்களிலும் வாசித்த தலைமுறை, ஒரு பக்கம் சுயமரியாதை இயக்க இதழ்களாலும் மறுபக்கம் இத்தகைய நாளிதழ்களாலும் பயிற்றப்பட்ட தலைமுறையாகும்.

இந்தத் தாள்களுள் பெரும்பகுதி அழிந்துவிட்டது. காலணாவுக்கு விற்ற தாள் நீடித்து உழைக்கும் தரத்தில் இருந்ததில்லை; பல கைகள் மாறி வாசிக்கப்பட்டமையால் கிழிந்தும் போயிற்று. எஞ்சியவற்றுக்கு அப்பால், அரசின் மொழிபெயர்ப்பாளர்கள் வாரந்தோறும் இந்திய மொழி இதழ்களைச் சுருக்கி ஆங்கிலத்தில் தயாரித்த மறைவறிக்கைகளே வரலாற்றாசிரியருக்குக் கிடைக்கின்றன; அவ்வறிக்கைகள் ஆட்சிக்கு ஆபத்தானவற்றைக் குறித்தனவே தவிர, சமூகத்துக்கு இன்றியமையாதவற்றைக் குறிக்க எழுதப்பட்டவை அல்ல. அதனால் பாரதியின் ‘இந்தியா’ சுதேசி காலத்தின் ஒரே குரல் என்ற தோற்றம் நெடுங்காலம் நிலவியது. அன்பு பொன்னோவியம் போன்றோர் ‘தமிழன்’ இதழ்களைத் தேடிப் பாதுகாத்து வைத்திருந்தமையால், ஞான. அலாய்சியஸ் அவற்றிலிருந்து தொகுத்த ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ 1999இல் பாளையங்கோட்டையிலிருந்து வெளிவர முடிந்தது. அதன்பின் 1907ஆம் ஆண்டின் சென்னையைப் பற்றி எழுதும் எவரும், இராயப்பேட்டையில் ஒரு பைசாவுக்கு விற்ற அந்த இதழைத் தவிர்த்துவிட்டு எழுதுவது இயலாததாயிற்று.